கடைசி இருபது மூட்டை

புயல் கரையைக் கடக்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது, வானிலைக்காரர்கள் அதற்குப் பேர்கூட வைத்திருக்கவில்லை, அப்போதே அகரத்துறைக் கடைவீதியில் சரக்குகள் ஆள் பார்த்துக் கனக்க ஆரம்பித்துவிட்டன. முதலில் கனத்தது ஒரு கட்டு மெழுகுவத்தி. மாடிக்கு மேல் மாடி கட்டி, அதற்கும் மேலே ஜெனரேட்டருக்கென்றே ஓர் அறை கட்டியிருந்த இறால் பண்ணை ராமதுரை, குஞ்சிதபாதம் ஸ்டோர்ஸில் பாக்கு வாங்க வந்தவர், எதற்கும் இருக்கட்டும் என்று மேசையிலிருந்த அந்தக் கட்டை எடுக்கப் போனார், அது வரவில்லை. ஒரு கையால் இழுத்தார், இரண்டு கையால் இழுத்தார், தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு இழுத்தார், வியர்வை வந்ததே தவிர மெழுகுவத்தி வரவில்லை. அடியில் வெல்லம் ஒட்டியிருக்கும் என்று கடைக்காரர் குஞ்சிதபாதம் தானும் ஒரு கை கொடுத்துப் பார்த்தார். அவருக்கும் அது அம்மிக்கல்லாகத்தான் உட்கார்ந்திருந்தது. அப்போது கால் கிலோ பருப்பு வாங்க வந்த உப்பளக் கூலிக்காரி தைலம்மை, இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு கட்டு மெழுகுவத்தியோடு மல்லுக்கட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கட்டியிருந்த நூலில் சுண்டுவிரலைக் கோத்து அதை எடுத்துத் தராசில் வைத்தாள். தராசு நானூறு கிராம் என்று காட்டியது. ராமதுரை பாக்கை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

குஞ்சிதபாதம் ஆச்சரியப்படவில்லை. கடலோரத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவன் கார்த்திகை மாதத்தில் ஆச்சரியப்பட்டுக்கொண்டு நின்றால் பிழைக்க முடியாது. அவர் நாலு புயல் பார்த்தவர். தாழ்வு மண்டலம் என்று டிவியில் சொன்ன அன்றைக்கே மெழுகுவத்தி, தீப்பெட்டி, பால் பவுடர், ரஸ்க், கொசுவத்தி, பேட்டரி, தார்ப்பாய், நைலான் கயிறு என்று ஏஜென்சிக்குப் போன் போட்டுவிடுவார். இரண்டு நாள் பொறுத்துப் போடுகிறவனுக்கு லாரி வராது, லாரி வந்தால் அதில் சரக்கு இருக்காது. அப்புறம் கடைக்குள் ஒரு குடிபெயர்ப்பு நடக்கும்: அரிசியும் பருப்பும் கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு ஏறும், சோப்பும் ஷாம்பும் நனைந்தால் நனையட்டும் என்று கீழே இறங்கும். வந்ததில் பாதியைத்தான் விற்பனைக்கு வைப்பார். மறுபாதி புயலுக்குப் பிறகு பாலம் உடைந்து லாரி நின்று ஊர் முழுக்கக் கடை வாசலில் வந்து நிற்கும் நாளுக்கு. முந்தி விற்கிறவன் கடைக்காரன், பிந்தி விற்கிறவன்தான் வியாபாரி என்பது அவர் வாய்ப்பாடு. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்கிற ரகமும் இல்லை அவர். புயல் நாளில் ஒரு தீப்பெட்டிக்குக்கூட விலையை ஏற்றியதில்லை. சரக்கைக் காப்பாற்றினால் ஊரைக் காப்பாற்றின மாதிரி என்று அந்த மனிதர் உண்மையாகவே நம்பினார். இந்தக் கதையில் கெட்டவன் யார் என்று தேடுகிறவர்கள் அந்த நம்பிக்கையைத்தான் பிடித்துக் கட்டி வைக்க வேண்டும்.

மூன்றே நாளில் ஊருக்குப் பழகிவிட்டது. எது கனக்கும், எது கனக்காது என்று குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்துபோயிற்று. அரிசி, பருப்பு, எண்ணெய், தீப்பெட்டி, தார்ப்பாய், புயலடித்தால் எதெல்லாம் இல்லாமல் மனுசர் தவிப்பாரோ அதெல்லாம் கனத்தது. முகப்பவுடரும் தலைச்சாயமும் எல்லோர் கைக்கும் எப்போதும்போல வந்தன. யார் வீட்டில் இல்லையோ அவர் கைக்கு எடை தெரியவில்லை, யார் வீட்டில் நிறைந்து கிடக்கிறதோ அவர் கைக்கு அசையவில்லை, நடுவில் இருப்பவர்கள் நடுவாக மூச்சு வாங்கினார்கள். வங்கி மேலாளரால் ஒரு பன்னைத் தூக்க முடியவில்லை. தலைமையாசிரியர் ஒரு தீப்பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இடையில் ஒருதரம் உட்கார்ந்து இளைப்பாறித் தெருவைக் கடந்தார். கோயில் குருக்கள் கலியில் இதுவும் நடக்கும் என்றார், அறிவியல் வாத்தியார் காற்றில் ஈரம் கூடிவிட்டது என்றார், இரண்டையும் கேட்டுக்கொண்டு சனங்கள் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். யாருக்கும் வெட்கம் மட்டும் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கும்: கைக்கு வராததை விட்டுவிட்டு மாடிவீட்டுக்காரர்கள் போயிருப்பார்கள், கைக்கு வந்தவர்கள் எடுத்துப் போயிருப்பார்கள், புயலும் வந்து பார்த்துவிட்டு ஏமாந்து போயிருக்கும்.

ஆனால் காசுள்ளவன் கைக்கு வராதது என்று உலகத்தில் ஒன்று உண்டா? வழி கண்டுபிடித்தவர் அதே ராமதுரைதான். கழிக்கரைக்கு ஆள் அனுப்பினார். கழிக்கரை என்பது உப்பளத்தை ஒட்டி, கடல்தண்ணீர் உள்ளே வந்து வந்து போகிற கழியின் ஓரமாக நின்ற நாற்பது கீற்றுக் குடிசை. மழை மாதத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் அங்கே அடுப்பு எரிவதே ஒரு செய்தி. கூலி என்றதும் நாற்பது குடிசையும் கடைவீதிக்கு வந்து நின்றன. ராமதுரை விரலை நீட்டிக் காட்டக் காட்ட, அவரால் அசைக்க முடியாத மூட்டைகளை அவர்கள் பஞ்சுமெத்தை மாதிரி தலையில் வைத்துக்கொண்டு போய் அவர் வீட்டு மூன்றாம் மாடியில் இறக்கினார்கள். மறுநாள் வங்கி மேலாளரும் ஆள் பிடித்தார், அதற்கு மறுநாள் வாத்தியார்களும் பிடித்தார்கள், குருக்கள் வீட்டுக்கும் இரண்டு பெண்கள் போனார்கள். இறக்கி வைத்த இடத்தை விட்டு அந்த மூட்டைகளை வீட்டுக்காரர்களால் ஓர் அங்குலம் நகர்த்த முடியவில்லை, ஒரு மெழுகுவத்தியை எடுத்து ஏற்ற முடியவில்லை. அதனால் என்ன, தின்பதற்கா வாங்கினார்கள், இருக்கட்டும் என்றல்லவா வாங்கினார்கள். ராமதுரை வீட்டில் மெழுகுவத்தி எடுத்துக் கொடுப்பதற்கென்றே ஒரு கழிக்கரைப் பெண்ணை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். ஆக, தேவைப்பட்டவர்களுக்கென்று இலேசான சரக்கெல்லாம், தேவைப்பட்டவர்களின் தலைமீதே ஏறி, தேவைப்படாதவர்களின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் கூலியை வாங்கிக்கொண்டு கழிக்கரைக்காரர்கள் கடைக்கு வந்தபோது தட்டு காலியாக இருந்தது. ஆளுக்கு ஒரு மெழுகுவத்தி, அதற்கு மேல் கிடையாது என்று குஞ்சிதபாதம் நியாயமாகப் பங்கு வைத்தார்.

இப்போது குஞ்சிதபாதத்தின் சங்கடத்துக்கு வருவோம். அவருடைய கிடங்கு கடைவீதிக்குப் பின்னால் பெரிய வடிகாலை ஒட்டிப் பள்ளத்தில் இருந்தது. கடைசியாக ஊருக்குள் வந்த புயலில் வடிகால் எதிர்த்து வந்து நூற்றெண்பது மூட்டை அரிசி ஊறிப் புளித்து, பதினைந்து நாள் ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தது. அந்தப் பதினைந்து நாளும் ஊருக்கு அரிசியும் இல்லை. இந்த முறை முந்நூறு மூட்டை வைத்திருந்தார். புயல் வருவதற்குள் அத்தனையையும், கிடங்கிலிருந்த பருப்பு, எண்ணெய் டின் எல்லாவற்றோடும் சேர்த்து, தேரடித் தெருக் கல்யாண மண்டபத்தின் மாடியில் ஏற்றியாக வேண்டும். அவருடைய வழக்கமான லோடுமேன்கள் ஆறு பேரும் மலை மாதிரி ஆட்கள், ஆனால் ஆறு பேருக்கும் அரசாங்கம் கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீடு இருந்தது, வீட்டில் ரேஷன் அரிசி இருந்தது. மூட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மன்னித்துக்கொள்ளுங்கள் முதலாளி என்று போய்விட்டார்கள். அவரோ தன் கடையிலேயே ஒரு உப்புப் பாக்கெட்டை எடுத்துக் கொடுக்க முடியாதவராக, வருகிறவர்களை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவரும் கழிக்கரையைத்தான் கூப்பிட்டார்.

பதினெட்டுப் பேர் வந்தார்கள். அவர்களில் தைலம்மைக்கு ஈடு யாரும் இல்லை. முதல் நாள் ஒரு மூட்டையைச் சும்மாடு இல்லாமல் தலையில் வைத்துக்கொண்டு படியேறினாள். இரண்டாம் நாள் தோளுக்கு ஒன்றாக இரண்டு. மூன்றாம் நாள் நாலு மூட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, கல்யாண வீட்டில் தாம்பாளம் கொண்டு போகிறவள் மாதிரி மாடிக்குப் போனாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள், ராமதுரை இரட்டைக் கூலி தருவதாகச் சொல்லி இழுத்துப் பார்த்தார், அவள் போகவில்லை. அவளுக்கு அதில் ஒரு பெருமை வந்துவிட்டிருந்தது. நாலு வருடமாக, தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்க் கட்டிலோடு கிடக்கும் புருசனைத் தூக்குவதும் இறக்குவதுமாக முதுகு ஒடிந்துபோனவள். கனக்காத ஒன்றைத் தூக்குவது எப்படி இருக்கும் என்று அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

வியாபாரி கண் எடை பார்க்காமல் இருக்காது. மண்டபத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து யார் எத்தனை தூக்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்த குஞ்சிதபாதத்துக்கு மூன்றாம் நாள் மத்தியானம் அது புரிந்தது. கழிக்கரையில் ரோட்டுப் பக்கம் குடிசை உள்ளவர்களுக்கு ஒரு மூட்டை, நடுவில் உள்ளவர்களுக்கு இரண்டு, கழியை ஒட்டி உள்ளவர்களுக்கு மூன்று. குடிசை தண்ணீரை நெருங்க நெருங்க மூட்டை இலேசாகிக்கொண்டே போயிற்று. இன்றைக்கு இல்லாததை மட்டும் அந்தச் சரக்கு சொல்லவில்லை, நாளைக்கு இல்லாமல் போகப்போவதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. இல்லையென்றால் நாளுக்கு நாள் குறைவானேன்? எல்லாக் குடிசைக்கும் கடைசியில், கழி கடலைத் தொடுகிற முனையில் தனியாக நிற்பது தைலம்மையின் குடிசை. அதற்குள்ளே கட்டிலில் அவள் புருசன் வேதையன். பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதால் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டு எட்டு வயது மகள் அபிநயா. குஞ்சிதபாதம் நாற்காலியை விட்டு எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். சொன்னால் அந்த நிமிடமே பதினெட்டுப் பேரும் மூட்டையைப் போட்டுவிட்டுக் குடிசையைப் பார்க்க ஓடுவார்கள். நூற்றுமுப்பது மூட்டை இன்னும் பள்ளத்தில் கிடந்தது. கடைசி மூட்டை ஏறியதும் சொல்லிவிடுவது என்று அவர் முடிவு செய்தார்.

கழிக்கரைக்காரர்களுக்குத் தாமாகத் தெரியாதா என்று கேட்கலாம். அவர்கள் வேறு மாதிரி தெரிந்துகொண்டார்கள். எல்லையம்மன் தங்களுக்குப் பலம் கொடுத்திருக்கிறாள் என்று நம்பினார்கள்; ஊரிலேயே ஏழைச் சனத்துக்கு, ஊரே தூக்க முடியாததைத் தூக்கும் பலத்தைக் கொடுத்தவள் அவர்களைப் புயலுக்கா கொடுத்துவிடப் போகிறாள்? ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தாழ்வான பகுதி மக்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிப்போனபோது, அதைக் கேட்டுச் சிரித்தார்கள். போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் சொன்ன பேச்சைக் கேட்டுப் பெஞ்சுமேல் படுத்துக்கிடந்தார்கள், புயல் வடக்கே திரும்பிப் போய்விட்டது, திரும்பி வந்து பார்த்தால் கோழிகளைக் காணோம். இந்தத் தடவை பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக எல்லையம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். தேங்காயும் சூடமும் வெல்லமும் குஞ்சிதபாதம் இலவசமாகக் கொடுத்தார். அவர்களே எடுத்துக்கொண்டு போகும்வரை அவர் தலை நிமிராமல் கணக்கு நோட்டைப் புரட்டியதை, வேலை மும்முரம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

தைலம்மைக்கு மட்டும் உள்ளே என்னமோ உறுத்தியிருக்க வேண்டும். பொங்கலுக்கு மறுநாள் மண்டபத்துப் படியில், கையில் ஐந்து மூட்டையை ஏந்திக்கொண்டு, அவர் முன்னால் வந்து நின்றாள்.

"மொதலாளி, நேத்தைக்கு இன்னிக்கு எடை இன்னும் கொறைஞ்சு போச்சுங்க. ஒண்ணத் தூக்குறோம்னே தெரியலை. சந்தோசமாத்தான் இருக்கு, ஆனா ராத்திரியானா தூக்கம் வரமாட்டேங்குதுங்க. இது ஏங்க இப்படி?"

உலகத்தில் சில கேள்விகள் ஒருதரம்தான் கேட்கப்படும். குஞ்சிதபாதம் அவள் முகத்தைப் பார்க்காமல் மூட்டைகளைப் பார்த்தார், தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பவர் மாதிரி.

"எல்லையம்மா குடுத்த வரம் தைலம்மை. வரத்தைப் போயி ஏன்னு கேப்பாங்களா?"

அவள் நம்பினாள். மொதலாளி படித்தவர், நாலு புயல் பார்த்தவர், விலையை ஏற்றாதவர். தலையாட்டிவிட்டு மேலே போனாள்.

அவருடைய மனைவி மங்கையர்க்கரசி மண்டபத்துக்குச் சாப்பாடு கொண்டு வந்தவள், அந்த ஐந்து மூட்டையைப் பார்த்ததுமே எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள். கணக்குப் பார்க்காதவர்களுக்குச் சில சமயம் சீக்கிரம் புரிந்துவிடும். அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள் என்று சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள், மோரை ஊற்றிக்கொண்டே சொன்னாள், இலையை எடுக்கும்போது மறுபடி சொன்னாள். சொல்லாமலா இருப்பேன், நான் என்ன கசாப்புக்காரனா, அறுபது மூட்டைதான் பாக்கி, நாளைக் காலையில் முடிந்துவிடும், புயல் ராத்திரி பத்துக்குத்தான் என்று ரேடியோவே சொல்லிவிட்டது, நடுவில் அரை நாள் இருக்கிறது என்றார் அவர். அந்த அரிசியை ஊரே தின்னப்போகிறது, கழிக்கரையும் சேர்த்து என்றும் சொன்னார். அது பொய்யும் இல்லை. மங்கையர்க்கரசி அதற்கு மேல் பேசவில்லை, தானே போய்ச் சொல்லவும் இல்லை. புருசன் பேச்சை மீறி வியாபாரத்தில் தலையிடாத உத்தமி என்று அவளுக்கு ஊரில் பேர் இருந்தது.

மறுநாள் விடியும்போதே காற்று வேறு மாதிரி இருந்தது. எட்டு மணிக்குக் கடைவீதியில் பலகைகள் பறந்தன. பதினொரு மணிக்குக் கழிக்கரையிலிருந்து ஒருவன் ஓடி வந்து, தண்ணீர் உள்ளே வருகிறது, எப்போதும் வருகிற நிறத்தில் இல்லை என்றான். மற்ற பதினேழு பேரும் மூட்டையைப் போட்டது போட்டபடி ஓடினார்கள்; பிள்ளைகளையும் கோழிகளையும் அள்ளிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள்; அதனால் பிழைத்தார்கள். தைலம்மை அந்த நேரம் மண்டபத்து மாடியில் இருந்தாள். இறங்கி வந்தவள் விசயத்தைக் கேட்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரிடம் சொன்னாள், வீட்டுக்காரரையும் பிள்ளையையும் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டு ஒரே ஓட்டத்தில் திரும்பி வந்துவிடுகிறேன் என்று. கட்டிலோடு கிடக்கிறவனை முதுகில் கட்டி இரண்டு மைல் சுமந்து வருவதற்குள் என்ன ஆகும் என்று குஞ்சிதபாதம் கணக்குப் போட்டார். கிடங்குக்குள் வடிகால் தண்ணீர் முதல் வாசற்படியைத் தொட்டுவிட்டிருந்தது.

"இன்னும் இருவது மூட்டைதானே. ஒனக்கு அது ஒரு வேலையா? நீ முடிச்சுட்டு வா, நான் வேனை அனுப்பி ரெண்டு பேரையும் இப்பவே அள்ளிக்கிட்டு வரச் சொல்றேன்."

வேனில் போனால் சீக்கிரம் என்று அவளுக்கும் பட்டது. சரிங்க என்று கிடங்குக்கு ஓடினாள்.

வேன் கடை வாசலில் நின்றது, ஆனால் வேன் நிறைய எண்ணெய் டின். கழிக்கரை ஆட்கள் ஏற்றிவிட்டுப் போனது. டின்னோடு அனுப்பினால் கட்டிலுக்கு இடமில்லை. டின்னை இறக்க குஞ்சிதபாதத்தாலும் முடியாது, ஓட்டுநராலும் முடியாது. இரண்டு பேரும் ஒரு டின்னைப் பிடித்து இழுத்தார்கள், அது பூமியோடு பிறந்தது மாதிரி நின்றது. தைலம்மைதான் வந்து இறக்க வேண்டும். அவள் மூட்டையை முடித்துவிட்டு வந்து ஒரு நிமிடத்தில் இறக்கிவிடுவாள், உடனே வேன் போய்விடும், பத்து நிமிடத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்று அவர் அந்த மழையில் நின்றுகொண்டு தனக்குத் தானே பலமுறை சொல்லிக்கொண்டார். அவளைக் கூப்பிட்டு முதலில் டின்னை இறக்கச் சொல்லலாமே என்று ஒரு யோசனையும் வந்தது. கிடங்கில் தண்ணீர் இரண்டாம் படிக்கு ஏறியதைப் பார்த்ததும் அது வந்த வழியே போய்விட்டது.

நாலு நடையில் இருபது மூட்டையும் மேலே போயின. கடைசி நடையில் அவளுக்கு எடையே இல்லை. மூட்டைகள் விரல் நுனியிலிருந்து எழும்பி எழும்பிப் போனதாகவும், அவற்றைக் கீழே அழுத்திப் பிடிக்கத்தான் அவள் பாடுபட்டதாகவும் எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தவர்கள் பின்னால் சொன்னார்கள். இறங்கி வந்தவள் வேனைப் பார்த்தாள், அதற்குள் அடுக்கியிருந்த டின்களைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஓடினாள். அப்போது மணி பன்னிரண்டு. ராத்திரி பத்துக்கு வருவதாகச் சொன்ன புயல் பன்னிரண்டரைக்கு வந்தது. அதுவும் ஒரு நல்ல வியாபாரி, சொன்ன நேரத்துக்கு முந்தி வந்து எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டது.

பாதி வழியில் தண்ணீர் அவளை எதிர்கொண்டது. ஒரு பனைமரத்தைக் கட்டிக்கொண்டு சாயங்காலம் வரை நின்றாள். மறுநாள் கழிமுனையில் குடிசை இருந்த இடமும் இல்லை. இரண்டு நாள் தேடி, அலையாத்திக் காட்டு வேர்களுக்குள்ளே அந்தக் கட்டிலைக் கண்டுபிடித்தார்கள். அபிநயா அப்பாவின் கையோடு தன் கையைத் துண்டால் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தாள். ஊரில் செத்தது அந்த இரண்டு பேர் மட்டும்தான் என்று அதிகாரிகள் திருப்தியாக எழுதிக்கொண்டு போனார்கள்.

பாலம் உடைந்தது, மின்கம்பங்கள் படுத்தன, பதினொரு நாளைக்கு அகரத்துறைக்குள் ஒரு லாரி வரவில்லை. சுற்றுவட்டாரத்தில் ஒரு பன் மூன்று மடங்குக்குப் போனது, பால் பாக்கெட்டை ஏலம் விட்டார்கள். அகரத்துறையில் மட்டும் கல்யாண மண்டபத்து மாடியில் முந்நூறு மூட்டை அரிசி, ஒரு மணி நனையாமல், பழைய விலைக்கே. வீட்டுக்குள் தண்ணீர் வந்ததில் வாத்தியார்களுக்கும் லோடுமேன்களுக்கும்கூட இப்போது சரக்கு ஓரளவு கைக்கு வந்தது. வந்தவர்கள் எடுத்துப் போய்ப் பொங்கித் தின்றார்கள். குஞ்சிதபாதம் இல்லாவிட்டால் ஊர் என்ன ஆகியிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். ராமதுரை வீட்டு மூன்றாம் மாடியில் வாங்கி வைத்தது வைத்தபடி இருந்தது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த கழிக்கரைக்காரர்களுக்குச் சமைக்க நூறு மூட்டை வேண்டும் என்று தாசில்தார் கேட்டார். குஞ்சிதபாதம் அதைச் சும்மாவே கொடுத்தார். வர்த்தகர் சங்கம் அவருக்குப் பொன்னாடை போர்த்துவது என்று முடிவு செய்து, அதைப் பள்ளிக்கூடத்திலேயே, பசியாறிய மக்கள் முன்னிலையிலேயே செய்வது பொருத்தம் என்று அழைத்துப் போனது. மங்கையர்க்கரசி உடன் வரவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டாள்.

பொன்னாடை போர்த்தினார்கள், கைதட்டினார்கள், பந்தி நடந்துகொண்டிருந்தது. வராந்தாவின் கோடியில் தைலம்மை இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையையும் புருசனையும் அன்று காலையில்தான் புதைத்திருந்தார்கள். மூன்று நாளாகத் தண்ணீரைத் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை. பெண்கள் பிடித்துக்கொண்டு வந்து உட்கார வைத்திருந்தார்கள். அவள் சோற்றில் கையை வைத்தாள், பிசைந்தாள், எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. பக்கத்திலிருந்தவள் தன் கையால் உருட்டி ஊட்டப் போனாள். அவள் கையில் இலேசாக வந்த கவளம் தைலம்மையின் உதட்டைத் தொட்டதும் கல்லாகி இலையில் விழுந்தது. பார்த்தவர்களுக்கு அது புரியாமல் இல்லை. எதுவும் வேண்டியிராதவர் கைக்கு எல்லாம் கனக்கும் என்பதை ஊர் இத்தனை நாளாகப் பார்த்துத்தான் வந்திருக்கிறது. எல்லாம் இருப்பதால் வேண்டியிராதவர்களை மட்டுமே அதுவரை பார்த்திருந்தது, அவ்வளவுதான்.

குஞ்சிதபாதம் சங்கத்துக்காரர்களை விட்டுவிட்டு அவளுக்கு எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தார். அவள் தலை நிமிராமல் சோற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இது எந்த மூட்டைங்க மொதலாளி?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் கிடங்கு வேலை தெரிந்தவளிடம் என்ன பொய் சொல்வது? கடைசியாக ஏற்றியது முன்னால் நிற்கும், முன்னால் நிற்பது முதலில் இறங்கும். அடுக்கி வைத்தவளே அவள்தான்.

"கடைசியா ஏத்துனது."

"அந்த இருவதா?"

"ஆமா."

"அன்னிக்கு நான் ஏன்னு கேட்டப்ப உங்களுக்குத் தெரியும், இல்லீங்களா?"

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். அவள் கத்தியிருந்தால், மண்ணை வாரி அவர்மேல் தூற்றியிருந்தால், அவர் எழுந்து வீட்டுக்குப் போயிருக்க முடியும். அவள் இலையை இரண்டு கையாலும் பிடித்தாள். இலை அசையவில்லை. பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். அந்தப் பெண் இலையைத் தூக்கி அவர் முன்னால் வைத்தாள்.

"எனக்கு எழும்பலீங்க. நீங்க சாப்பிடுங்க."

குஞ்சிதபாதம் சோற்றில் கையை வைத்தார். ஒரு பருக்கை வரவில்லை. அடுத்த பந்திக்காரர்கள் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்கள், சங்கத்துத் தலைவர் நேரமாகிறது என்று தூரத்திலிருந்து கையைக் காட்டினார். அவர் மறுபடியும் விரல்களைச் சோற்றுக்கு அடியில் கொடுத்துத் தோளெல்லாம் நடுங்க உன்னித் தூக்கப் பார்த்தார். தைலம்மை எழுந்து போகவில்லை. அவர் முடிக்கட்டும் என்று எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.